சதுப்பு இருந்த இடத்தில் மனை: வாங்கலாமா?

கேள்வி: நகர எல்லையைத் தாண்டி, சில வருடங்களுக்கு முன்புவரை புதர்க்காடும் சதுப்பும் இருந்த இடத்தில் மனை பிரித்து விற்கிறார்கள். விலை எங்கள் கைக்கு எட்டுகிறது. வாங்கலாமா? இயற்கையை அழித்துத்தான் வீடு கட்ட வேண்டுமா என்ற உறுத்தலும் இருக்கிறது.

பதில்: உறுத்தல் நியாயமானதுதான். ஆனால் நகரம் விரிவதே தவறு என்று நான் சொல்ல மாட்டேன். இடம் போதாமல் வாடகை ஏறும்போது முதலில் அடிபடுவது வருமானம் குறைந்த குடும்பங்கள். வெளியே நிலம் கிடைத்தால் வீடுகள் கூடும், பள்ளிக்கும் மருத்துவமனைக்கும் இடம் கிடைக்கும். எந்த நிலத்தில் விரிகிறோம் என்பதுதான் கேள்வி. நீங்கள் சேர்த்துச் சொன்ன புதர்க்காட்டையும் சதுப்பையும் நான் தனித்தனியாகத்தான் பார்ப்பேன்.

சதுப்பு சும்மா கிடப்பது போலத் தெரியும். 100 மி.மீ. மழை பெய்தால் ஒரு ஏக்கரில் மட்டும் சுமார் 4 லட்சம் லிட்டர் தண்ணீர் விழுகிறது. சதுப்பு அதில் பெரும்பகுதியைத் தாங்கி வைத்து, மெல்ல மெல்ல விடும். மண் கொட்டி மேடாக்கி, மேலே தார்ச்சாலையும் கான்கிரீட்டும் போட்டால், அதே தண்ணீர் சில மணி நேரத்தில் அடுத்த பள்ளத்துக்கு ஓடும். அங்கே ஏற்கெனவே யாரோ குடியிருப்பார்கள். அமெரிக்காவின் ஹூஸ்டனில், வெள்ளக் காலத்தில் மட்டும் நிரம்பும் ஆடிக்ஸ், பார்க்கர் நீர்த்தேக்கப் பரப்புக்குள்ளேயே குடியிருப்புகள் எழுந்தன. 2017 ஹார்வி புயலில் அங்கே ஆயிரக்கணக்கான வீடுகள் மூழ்கின. தாங்கள் வாங்கியது எந்த மாதிரி இடம் என்பதே அங்கிருந்த பலருக்குத் தெரிந்திருக்கவில்லை. எனக்கு மிகவும் வலிப்பது அதுதான்.

இதற்கு நேர்மாறாக நியூயார்க் 1997-ல் ஓர் ஒப்பந்தம் செய்து, தன் குடிநீர் வரும் மலைப்பகுதியில் நிலம் வாங்கிப் பாதுகாக்கத் தொடங்கியது. பெரும் பொருட்செலவில் வடிகட்டும் நிலையம் கட்டுவதைவிட அது மலிவாக இருந்தது.

மேட்டுப்பாங்கான புதர்நிலம் வேறு கதை. அங்கும் இழப்பு உண்டு: பறவைகள், விலங்குகளின் நடமாட்டப் பாதை, மண்ணுக்குள் இறங்கும் மழைநீர் எல்லாம் பாதிக்கப்படும். வறண்ட பகுதி என்றால் காட்டுத்தீ வீடு வரை வரலாம். ஆனாலும் ஒரு பகுதியைத் தொடாமல் விட்டு, நெருக்கமாகக் கட்டினால் அந்த இழப்பு பெரிதும் குறையும்.

சரி, உங்கள் மனை இதில் எது? விற்பவரிடம் கேட்காதீர்கள். கூகுள் எர்த்தில் பழைய வருடங்களின் படங்களைப் பாருங்கள், மழைக்காலத்தில் எடுத்ததாக இருந்தால் இன்னும் நல்லது. பக்கத்தில் வெகுகாலமாக இருப்பவர்களிடம் தண்ணீர் எங்கே நிற்கும் என்று கேளுங்கள். அப்புறம், கொட்டிய மண் அமுங்கிச் சுவர் விரிசல் விடும் என்பதால், மண் பரிசோதனை செய்யாமல் முன்பணம் தராதீர்கள். தினசரிப் பயணச் செலவையும் மனையின் விலையோடு கூட்டிப் பாருங்கள்.

பழைய படத்தில் உங்கள் மனை இருக்கும் இடத்தில் தண்ணீர் தெரிந்தால், வாங்க வேண்டாம்.