கவச ஜாக்கெட்டோடு தண்ணீரை எங்கே, எவ்வளவு சுமப்பது?

கேள்வி: எனக்கு 34 வயது, பாதுகாப்புப் பணி. முன்னும் பின்னும் பிளேட் வைத்த புல்லட் ப்ரூஃப் ஜாக்கெட்டைத் தினமும் எட்டு மணி நேரம் போட்டிருக்கிறேன். அதன் எடை 11 கிலோ. முதுகில் 3 லிட்டர் தண்ணீர்ப் பை வேறு. ஒரு மாதமாக வலது கை விரல்கள் மரத்துப்போகின்றன. சாயங்காலமானால் தலைவலி. சிறுநீர் கழிக்க பெல்ட், ஜாக்கெட் எல்லாவற்றையும் தளர்த்துவது பெரும்பாடு என்பதால் தண்ணீரைக் குறைத்தே குடிக்கிறேன். பையை இடுப்புக்கு மாற்றலாமா? உடன் வேலை செய்பவர் உப்பு மாத்திரை போடச் சொல்கிறார். போடலாமா?

பதில்: விரல்களிலிருந்தே ஆரம்பிக்கிறேன், அதுதான் எனக்குக் கவலையாக இருக்கிறது. ஒரு லிட்டர் தண்ணீர் ஒரு கிலோ. அப்படியானால் காலையில் உங்கள் தோள்பட்டைகளில் தொங்குவது 14 கிலோ. பை பின்பக்கம் இருப்பதால் பட்டைகள் தோளைப் பின்னால் இழுத்தபடியே இருக்கும். கைக்குப் போகும் நரம்புகள் எல்லாம் கழுத்திலிருந்து காறை எலும்புக்கு அடியில் கற்றையாக இறங்குகின்றன. பட்டை அழுத்துவது அந்த இடத்தைத்தான். பாரமான முதுகுப்பை சுமப்பவர்களுக்கும் இது வருவதுண்டு. சுமையைக் குறைத்தால் பெரும்பாலும் சரியாகிவிடும். ஆனால் பிடிமானம் தளர்ந்தாலோ, கையை உயர்த்த முடியாமல் போனாலோ தாமதிக்காமல் நரம்பியல் மருத்துவரைப் பாருங்கள்.

தண்ணீரை முழுவதுமாக இடுப்புக்கு மாற்ற வேண்டாம், பிரித்துச் சுமங்கள். முதுகுப் பையில் ஒன்றரை லிட்டர், இடுப்பில் பக்கவாட்டில் ஒரு லிட்டர் பாட்டில். மீதியை வண்டியிலோ காவல் இடத்திலோ வைத்து நிரப்பிக்கொள்ளுங்கள். பெல்ட்டை இறுக்கிக் கட்டினால் இடுப்பெலும்பின் முன்முனை அருகே போகும் நரம்பு நசுங்கி, தொடையின் வெளிப்பக்கம் எரியும், மரத்துப்போகும். அப்படி இருந்தால் பெல்ட்டைத் தளர்த்துங்கள், பாட்டிலை இன்னும் பின்னால் தள்ளுங்கள். ஒரு விஷயத்தில் மட்டும் சமரசமே கூடாது: தண்ணீர்ப் பை எப்போதும் கவசத்துக்கு வெளியேதான். உடம்புக்கும் பிளேட்டுக்கும் நடுவில் செருகினால் பிளேட் தன் இடத்திலிருந்து விலகிவிடும். உயிரைக் காக்கத்தானே அதைச் சுமக்கிறீர்கள்.

உறிஞ்சு குழாயைத் துப்பாக்கிக் கட்டை பதியாத தோள் வழியாகக் கொண்டுவந்து, வாய்க்குப் பக்கத்தில் கிளிப் போட்டு நிறுத்துங்கள். குனியாமல், கையைத் தூக்காமல் எட்டுகிற தண்ணீரைத்தான் மனிதர்கள் குடிக்கிறார்கள். வெயிலில் நின்றால் குழாயில் தங்கிய தண்ணீர் சூடாகி முதல் வாய் வெந்நீராக வரும், அத்தோடு பலர் குடிப்பதையே விட்டுவிடுகிறார்கள். குடித்து முடித்ததும் குழாய்க்குள் ஒருமுறை ஊதிவிடுங்கள், தண்ணீர் பைக்கே திரும்பிவிடும். இன்று வீட்டுக்குப் போனதும் குழாயின் வாய்ப்பகுதியைக் கழற்றி உள்ளே பாருங்கள். கறுப்புப் புள்ளிகள் தெரிந்தால் பூஞ்சை. பையைத் தினமும் கழுவி, வாயைத் திறந்து கவிழ்த்துக் காய வையுங்கள். அதில் வெறும் தண்ணீர் மட்டும்தான்; சர்க்கரை கலந்த எதுவும் வேண்டாம்.

எவ்வளவு குடிப்பது? வெயிலில் கடும் வேலை என்றால் ஒரு மணி நேரத்தில் ஒரு லிட்டருக்கு மேலும் வியர்க்கலாம். கால் மணிக்கு ஒருமுறை 150 முதல் 200 மில்லி என்று குடித்து வாருங்கள். எவ்வளவு வியர்த்தாலும் மணிக்கு 1.4 லிட்டரைத் தாண்டாதீர்கள். பணிக்கு முன்னும் பின்னும் ஜாக்கெட் இல்லாமல் எடை பாருங்கள். ஒரு கிலோ குறைந்திருந்தால் சுமார் ஒரு லிட்டர் பாக்கி. 70 கிலோ உள்ளவருக்கு 1.4 கிலோ குறைந்தாலே கவனமும் வேகமும் மங்கத் தொடங்கும். உங்கள் சாயங்காலத் தலைவலிக்கு இதுதான் காரணமாக இருக்க வேண்டும். எடை கூடியிருந்தால் அளவுக்கு மீறிக் குடித்திருக்கிறீர்கள். அதிலும் ஆபத்து உண்டு. ரத்தத்தில் சோடியம் குறைந்து தலைவலி, வாந்தி, குழப்பம் வரும்.

உப்பு மாத்திரை வேண்டாம். வேளாவேளைக்குச் சாப்பிட்டாலே போதிய உப்பு கிடைத்துவிடும். வியர்வை கொட்டும் நீண்ட நாளில், பாக்கெட்டில் போட்டிருக்கும் அளவுத் தண்ணீரில் ஓ.ஆர்.எஸ். கரைத்து இடுப்பு பாட்டிலில் வைத்துக்கொள்ளுங்கள். ரத்த அழுத்தமோ சிறுநீரகக் கோளாறோ இருந்தால் அதற்கும் முன்பு உங்கள் மருத்துவரைக் கேளுங்கள்.

நீங்கள் கேட்காத ஒன்றையும் சொல்ல வேண்டும். தண்ணீர் குடித்தால் மட்டும் உடம்பு குளிராது. வியர்வை ஆவியாக வேண்டும். கவசம் நெஞ்சையும் முதுகையும் மூடிவிடுவதால் அங்கே வியர்வை வழிகிறதே தவிர ஆவியாவதில்லை. புழுக்கமான இடத்தில் கவசம் போட்டிருந்தால் வெப்பம், ஈரப்பதம், வெயில், காற்று எல்லாவற்றையும் சேர்த்துக் காட்டும் WBGT அளவில் ஏறக்குறைய 3 டிகிரி செல்சியஸ் கூட்டிக் கணக்கிடச் சொல்கிறது அமெரிக்க ராணுவம். ஆகவே பாதுகாப்பான இடைவேளை கிடைக்கும்போதெல்லாம் பக்கப் பட்டைகளைத் திறந்துவிடுங்கள், முடிந்தால் கழற்றியே வையுங்கள். முழங்கை வரை குளிர்ந்த நீரில் பத்து நிமிடம் அமிழ்த்தினால் நல்ல பலன் தரும். வெயில் பணிக்குப் புதிதாக வருபவர்களுக்கு உடம்பு பழக ஒன்று முதல் இரண்டு வாரம் ஆகும். அவர்களை முதல் நாளே முழுச் சுமையோடு நிறுத்தக் கூடாது.

சிறுநீருக்குப் பயந்து தண்ணீரைக் குறைப்பதைத் தயவுசெய்து இன்றோடு நிறுத்துங்கள். கல்லும் சிறுநீர்த் தொற்றும் வருவது இப்படித்தான். மூன்று நான்கு மணி நேரத்துக்கு ஒருமுறை, வெளிர் மஞ்சளாகப் போக வேண்டும். அதற்கான இடைவேளையை மேலதிகாரியிடம் கூச்சமின்றிக் கேளுங்கள். சிறுநீர் கோலா நிறத்தில் வந்து, தசைகளும் வலித்தால் தசை சிதைந்து சிறுநீரகத்தைத் தாக்குவதாக இருக்கலாம். அன்றே மருத்துவமனைக்குப் போய்விடுங்கள். உடன் நிற்பவர் வெயிலில் தள்ளாடினாலோ, சம்பந்தமில்லாமல் பேசினாலோ முதலில் அவருடைய ஜாக்கெட்டைக் கழற்றுங்கள். உடம்பு முழுக்கக் குளிர்ந்த நீரை ஊற்றிக்கொண்டே ஆம்புலன்ஸை அழையுங்கள். நினைவு தெளிவில்லாதவர் வாயில் தண்ணீர் ஊற்ற வேண்டாம்.

சுமையைப் பிரித்து இரண்டு வாரம் பாருங்கள். விரல்கள் அப்போதும் மரத்தால் நரம்புப் பரிசோதனை செய்தாக வேண்டும்.