கழுகு பார்க்க ஓர் இரவு தங்க வேண்டுமா?

கேள்வி: செயின்ட் லூயிஸில் வசிக்கிறோம். ஊரிலிருந்து வந்திருக்கும் பெற்றோருக்கு வெண்தலைக் கழுகுகளைக் காட்ட, ஜனவரியில் இல்லினாய் மாநிலத்தின் பியர் மார்க்வெட் பூங்காவுக்குச் செல்லவிருக்கிறோம். பூங்கா விடுதியில் ஓர் இரவு தங்குவது செலவுக்குத் தகுமா? 20 மடங்கு பெரிதாக்கும் இருகண் நோக்கி வாங்கலாமா?

பதில்: பூங்காவுக்கு நுழைவுக் கட்டணம் இல்லை, உங்கள் வீட்டிலிருந்து ஏறத்தாழ ஒரு மணி நேரப் பயணம்தான். ஆகவே நீங்கள் அறைக்குத் தரும் பணம் உண்மையில் விடியற்காலைக்குத் தரும் விலை. இரவில் மரங்களில் அடையும் கழுகுகள் முதல் வெளிச்சத்தில் இரை தேடி ஆற்றுக்குக் கிளம்பிவிடும் என்பதால், பகலில் சாவகாசமாக வருபவர்கள் அந்த நேரத்தைத் தவறவிடுகிறார்கள். பெற்றோரை இருட்டில் எழுப்பிக் காரில் ஏற்றுவதைவிட அங்கேயே தங்குவது மேல் என்பது என் கருத்து.

ஆனால் கழுகுகளின் வருகை குளிரைப் பொறுத்தது. வடக்கே ஏரிகளும் ஆறுகளும் உறையும்போதுதான், மீன் பிடிக்கத் திறந்த நீரைத் தேடி அவை இல்லினாய் ஆறும் மிசிசிப்பியும் கூடும் இந்தப் பகுதிக்குத் திரளாக வருகின்றன. குளிர் குறைந்த ஆண்டில் எண்ணிக்கையும் குறையும். எனவே, பணம் திரும்பக் கிடைக்காத மலிவு அறையைப் பல வாரங்களுக்கு முன்பே எடுத்துவிடாதீர்கள். எத்தனை நாள் முன்னதாக ரத்து செய்தால் முழுத் தொகையும் கிடைக்கும், பனிப்பொழிவால் சாலை மூடப்பட்டால் என்ன செய்வார்கள், வரியுடன் மொத்தம் எவ்வளவு என்ற மூன்றையும் விடுதியிடமே நேரடியாகக் கேட்டு, எழுத்தில் பெற்றுக்கொள்ளுங்கள். வார நாளில் சென்றால் கூட்டமும் குறைவாக இருக்கும்.

விடுதியின் கற்குடில்கள் அழகானவை என்றாலும் தனித்தனியாக நிற்பவை; உறைபனித் தரையில் முதியவர்கள் நடந்து வர நேரும். பிரதான கட்டடத்திலேயே அறை கேளுங்கள். 1930களில் வேலையற்ற இளைஞர்களுக்காக அரசு அமைத்த பணிப்படையினர் கல்லாலும் மரத்தாலும் கட்டிய கட்டடம் அது. அதன் கூடத்தில் ஏறத்தாழ 50 அடி உயரக் கணப்பு இருக்கிறது. நடைபாதைகள் சுமார் 12 மைல் நீளம். கோட் கிளிஃப் பாதை பாறையும் ஏற்றமுமாக இருப்பதால் அதை உங்களோடு நிறுத்திக்கொள்ளுங்கள். கிராஃப்டன், ஆல்டன் என்ற ஊர்களுக்கு இடையில் ஆற்றை ஒட்டிச் செல்லும் சாலையில், பாதுகாப்பான இடத்தில் வண்டியை நிறுத்தினாலே பெற்றோர் கழுகுகளைப் பார்க்க வாய்ப்புண்டு. தலை வெளுக்க நான்கைந்து ஆண்டுகள் ஆகும் என்பதால், முழுப் பழுப்பாகத் தெரியும் பெரிய பறவைகளையும் விட்டுவிட வேண்டாம்.

20 மடங்கு நோக்கியை முக்காலி இல்லாமல் பிடித்தால் கை நடுக்கமும் 20 மடங்காகத் தெரியும். 8 மடங்கு பெரிதாக்கும், 8x42 என்று குறிக்கப்பட்டதை வாங்குங்கள். 42 மில்லிமீட்டர் முன்வில்லை விடியற்காலை மங்கலிலும் போதிய வெளிச்சம் தரும். பெற்றோர் மூக்குக்கண்ணாடி அணிபவர்களானால், கண்ணுக்கும் வில்லைக்கும் இடையே 15 மில்லிமீட்டருக்குக் குறையாத தூரத்தில் முழுக் காட்சியும் தெரிகிறதா என்று கடையிலேயே அவர்களைப் பார்க்கச் சொல்லி வாங்குங்கள்.