நடக்க இடமில்லாத ஊரில் எப்படி நடப்பது?

கேள்வி: எனக்கு 47 வயது. தண்டையார்பேட்டையில் இரண்டாவது மாடியில் வாடகை வீடு. மண்ணடியில் ஒரு கிளியரிங் ஏஜென்ட் ஆபீசில் கணக்கு எழுதுகிறேன். காலையில் கணவர் பைக்கில் ஆபீஸ் வாசலிலேயே இறக்கிவிடுவார். மாலையில் ஷேர் ஆட்டோ. போன மாதம் ரத்தம் பரிசோதித்ததில் எச்பிஏ1சி (மூன்று மாதச் சர்க்கரைச் சராசரி) 6.2 வந்தது. மாத்திரை இப்போது வேண்டாம், தினமும் அரை மணி நேரம் நடங்கள் என்றார் டாக்டர். மகன் வாங்கித் தந்த வாட்ச்சில் ஒரு நாளைக்கு மூவாயிரம் அடிகூட வருவதில்லை. ஐந்து மணிக்கு எழுந்தாலே சமையலுக்கும் டிபன் பாக்ஸுக்கும் நேரம் சரியாக இருக்கிறது. தெருவில் நடைபாதை இல்லை, மெயின் ரோட்டில் கன்டெய்னர் லாரி. பெசன்ட் நகரில் இருப்பவர்கள் நடக்கலாம், நாங்கள் எங்கே நடப்பது? டிரெட்மில் வாங்கிவிடலாமா?
- ஒரு வாசகி, தண்டையார்பேட்டை

பதில்: உங்கள் கோபம் நியாயமானதுதான். அரசின் ‘நடப்போம் நலம் பெறுவோம்’ திட்டத்தில் 2023-ல் சென்னைக்கு 8 கிலோமீட்டர் பாதை அமைத்தபோது அதுவும் பெசன்ட் நகரில்தான் அமைந்தது. தண்டையார்பேட்டையிலிருந்து அங்கே போய் நடந்துவிட்டுத் திரும்பினால் அன்றைக்கு ஆபீசுக்கு லீவு போட வேண்டியதுதான்.

ஆனால் டாக்டர் சொன்ன அந்த அரை மணி நேரம் காலை ஐந்து மணிக்கு, ஷூ போட்டுக்கொண்டு, பார்க்கைச் சுற்றித்தான் வர வேண்டும் என்று யாரும் சொல்லவில்லை. நீங்களாக அப்படி நினைத்துக்கொண்டு, நேரமில்லை என்று தவிக்கிறீர்கள். உங்களைப் போலவே சர்க்கரை நோயின் வாசலில் நின்ற 531 பேரை வைத்து டாக்டர் ஏ. ராமச்சந்திரன் குழுவினர் ஓர் ஆய்வு செய்து 2006-ல் வெளியிட்டார்கள். நம் சென்னையில் நடந்த ஆய்வு. சாப்பாட்டிலும் நடையிலும் மாற்றம் எதுவும் சொல்லித்தராமல் விட்டவர்களில் மூன்று வருடத்தில் 100-க்கு 55 பேருக்குச் சர்க்கரை நோய் வந்தது. சொல்லித்தந்து அதைக் கடைப்பிடிக்க வைத்தவர்களில் அது 39 ஆகக் குறைந்தது. அவர்களுக்குச் சொன்ன நடையும் தினம் அரை மணி நேரம்தான். இதில் உங்களுக்கு வேண்டிய சங்கதி ஒன்று உண்டு. ஏற்கெனவே தினமும் அரை மணி நேரத்துக்கு மேல் நடந்தோ சைக்கிளிலோ போய்வந்தவர்களிடம் ‘இதையே தொடருங்கள்’ என்று மட்டும் சொன்னார்கள். வேலைக்குப் போகிற நடையும் கணக்கில் சேரும்.

சரி, உங்கள் வழியைப் பார்ப்போம். 2021 பிப்ரவரியிலிருந்து உங்கள் பக்கம் மெட்ரோ ஓடுகிறது. தண்டையார்பேட்டையில் ஏறினால் தியாகராயா கல்லூரி, வண்ணாரப்பேட்டை, அடுத்தது மண்ணடி. வீட்டிலிருந்து ஸ்டேஷனுக்குப் பத்து நிமிடம், மண்ணடியில் இறங்கி ஆபீசுக்கு ஐந்து நிமிடம் என்று வையுங்கள். போக வர அரை மணி நேரம் முடிந்துவிட்டது. ஆபீஸ் ஸ்டேஷனுக்குப் பக்கத்திலேயே இருந்தால் ஹைகோர்ட் ஸ்டேஷன் வரை போய் இறங்கி, தம்புச் செட்டித் தெரு வழியாகத் திரும்பி நடங்கள். மீன்பாடி வண்டியும் லோடு இறக்குகிறவர்களும் அதிகமாவதற்குள் போனால் அந்தத் தெருக்களில் தாராளமாக நடக்கலாம். டிக்கெட் காசு கட்டாது என்றால் காலையில் பைக்கை விடாதீர்கள், ஆனால் மண்ணடிக்கு முன்பே எங்காவது இறக்கிவிடச் சொல்லுங்கள். மாலை ஷேர் ஆட்டோவில் இரண்டு ஸ்டாப் முன்னாலேயே இறங்குங்கள். வாசல் வரை கொண்டுவிடுவது கணவர் உங்கள் மேல் வைத்திருக்கும் அக்கறைதான். காரணத்தைச் சொல்லிவிட்டால் கோபித்துக்கொள்ள மாட்டார்.

எந்த வேகம் என்று கேட்பீர்கள். பக்கத்தில் வருபவரோடு பேச முடிய வேண்டும், ஆனால் பாட்டுப் பாட மூச்சு போதக்கூடாது. லேட்டாகிவிட்டது என்று வேலைக்குப் போகிறவர்கள் எல்லாருமே ஏறக்குறைய அந்த வேகத்தில்தான் நடக்கிறார்கள். அந்த வேகத்தில் பத்து நிமிடம் நடந்தால் வாட்ச்சில் ஆயிரம் அடி ஏறும். ஆடி, தீபாவளி சமயத்தில் வண்ணாரப்பேட்டை எம்.சி. ரோட்டில் துணி வாங்க ஒரு மணி நேரம் சுற்றுவதை இதில் சேர்க்காதீர்கள். அங்கே நீங்கள் நடப்பதில்லை, கூட்டம் உங்களைத் தள்ளிக்கொண்டு போகிறது.

வாட்ச் பத்தாயிரம் கேட்டால் பயப்பட வேண்டாம். 1965-ல் ஜப்பானில் அடி எண்ணும் கருவி ஒன்றை விற்பதற்காக வைத்த எண் அது. எந்த டாக்டரும் எழுதிக் கொடுத்ததல்ல. நீங்கள் மூவாயிரத்திலிருந்து ஆறாயிரத்துக்கு வந்தாலே பெரிய மாற்றம்.

அடுத்தது மதியச் சாப்பாடு. என்னைக் கேட்டால் காலை நடையைவிட இதற்குத்தான் முதலிடம் கொடுப்பேன். சாப்பிட்டபின் ரத்தத்தில் சர்க்கரை ஏறும் நேரத்தில் நடந்தால் கால் தசைகள் அதை எடுத்துச் செலவழித்துவிடும். டிபன் பாக்ஸை மூடியதும் பத்து நிமிடம் தெருவில் போய் வாருங்கள். வெயில் தாங்காத மாதங்களில் ஆபீஸ் வராந்தாவிலேயே நடக்கலாம். மாலையில் மட்டும் பர்மா பஜார் பக்கம் கால் போகாமல் பார்த்துக்கொள்ளுங்கள். நடந்து போய் ஒரு தட்டு அத்தோ (பர்மா நூடுல்ஸ்) சாப்பிட்டால் நடந்ததற்கும் தின்றதற்கும் சரியாகிவிடும்.

படி விஷயத்தில் ஒரு எச்சரிக்கை. இரண்டாவது மாடி வீடு உங்களுக்கு நல்லதுதான். ஆனால் முட்டி வலி இருந்தால் ஏறுவதைவிட இறங்குவதில்தான் அதற்கு அடி விழும். மெட்ரோவில் இறங்க எஸ்கலேட்டர், ஏறப் படிக்கட்டு என்று வைத்துக்கொள்ளுங்கள்.

‘அந்தக் காலத்தில் அம்மா அடிபம்பில் தண்ணீர் அடித்து, குடம் சுமந்து மாடி ஏறினாள், சர்க்கரை வந்ததா?’ என்று வீட்டில் யாராவது ஆரம்பிப்பார்கள். காதில் போட்டுக்கொள்ளாதீர்கள். அந்தக் குடத்தால் இடுப்பும் முட்டியும் போன பெண்கள் வடசென்னையில் தெருவுக்குத் தெரு இருக்கிறார்கள். நாம் தேடுவது உழைத்துத் தேய்வதை அல்ல.

ஞாயிற்றுக்கிழமை மீன் வாங்கக் காசிமேடு போகிறவர் என்றால் விடிகாலையில் போகும்போது நடங்கள், வரும்போது ஆட்டோவில் வாருங்கள். மீன் கெடாது, கையும் வலிக்காது. ஏலம் நடக்கும் இடத்தில் தரை எப்போதும் ஈரம், வழுக்காத செருப்பு முக்கியம். எண்ணூர் நெடுஞ்சாலை ஓரமாக மட்டும் உடற்பயிற்சிக்கென்று நடக்காதீர்கள். லாரிப் புகையையும் தூசியையும் வேகமாக மூச்சிழுத்து உள்ளே வாங்குவதில் லாபமில்லை. உள்தெருக்கள் போதும், மழை நாளில் மொட்டை மாடி. நடைபாதை உடைந்தோ கடை வைத்து மறித்தோ இருந்தால் மாநகராட்சியின் 1913-க்குப் போன் செய்து புகார் எண்ணை வாங்கி வையுங்கள். ஒருவர் சொன்னால் நடக்காது, தெருவில் நாலு பேரைச் சொல்லச் சொல்லுங்கள்.

டிரெட்மில் இப்போது வேண்டாம். அந்தக் காசில் பாதத்துக்குச் சரியாகப் பொருந்தும் நல்ல ஷூ ஒன்று வாங்குங்கள், மீதி மெட்ரோ டிக்கெட்டுக்கு. நடக்கும்போது நெஞ்சில் இறுக்கம், தலைச்சுற்றல், வழக்கமில்லாத மூச்சுத் திணறல் வந்தால் நிறுத்திவிட்டு உடனே டாக்டரைப் பாருங்கள். எச்பிஏ1சி காட்டுவது சுமார் மூன்று மாதச் சராசரி. எனவே அடுத்த பரிசோதனை மூன்று மாதம் கழித்துப் போதும், அதற்குள் வாராவாரம் லேபுக்குக் காசு கொடுக்காதீர்கள்.