ஒரு 'சி' வந்தால் டாக்டர் கனவு போச்சா?

டிசம்பர் கடைசி, மே நடு. வருடத்தில் இந்த இரண்டு சமயத்தில்தான் எனக்கு மெயில் குவியும். அமெரிக்கக் கல்லூரிகளில் செமஸ்டர் கிரேடு வெளிவரும் நேரம் அது. பாதி பிள்ளைகளிடமிருந்து வரும், பாதி பெற்றோரிடமிருந்து. சில வீடுகளில் இருவருமே எழுதுகிறார்கள், ஒருவருக்குத் தெரியாமல் ஒருவர். ப்ரீ-மெட், அதாவது இளங்கலை முடித்து மருத்துவக் கல்லூரியில் சேரத் தயாராகும் மாணவர்களுக்கு ஆலோசனை சொல்லும் வேலையில் பல வருடம் இருந்துவிட்டதால் எனக்கு இது பழகிப்போனது. இந்த முறை வந்தவற்றில் சிலவற்றுக்கு இங்கே பதில் எழுதியிருக்கிறேன். பெயர் வேண்டாம், ஊர் மட்டும்.

எடிசன், நியூஜெர்சி: மேடம், என் மகள் இரண்டாம் வருடம் படிக்கிறாள். இதுவரை எல்லாமே ஏ. இந்த செமஸ்டர் ஆர்கானிக் கெமிஸ்ட்ரி முதல் பகுதியில் சி பிளஸ் வந்துவிட்டது. அறையை விட்டே வெளியே வரமாட்டேன் என்கிறாள். மெடிக்கல் ஸ்கூல் இனி அவ்வளவுதானா? அந்தப் பாடத்தைத் திரும்ப எடுக்கச் சொல்லட்டுமா?

முதலில் அவளைச் சாப்பிட வையுங்கள். அப்புறம் இருவரும் உட்கார்ந்து ஒரு கணக்குப் போடுங்கள்.

எம்.டி. என்பது இங்கே அடிப்படை மருத்துவப் பட்டம், நம் ஊர் எம்.பி.பி.எஸ். மாதிரி. அந்தக் கல்லூரிகளுக்கான பொது விண்ணப்பம் ஆம்காஸ். அதில் உயிரியல், வேதியியல், இயற்பியல், கணிதம் நான்குக்கும் தனியாக ஒரு ஜிபிஏ, அதாவது 4.0க்குக் கணக்கிடும் கிரேடு சராசரி, உண்டு. பிசிபிஎம் என்பார்கள். உங்கள் மகள் இதுவரை இந்தப் பாடங்களில் 30 கிரெடிட் (பாடத்தின் எடையைச் சொல்லும் அலகு) முடித்து, எல்லாவற்றிலும் ஏ, அதாவது 4.0, வாங்கியிருக்கிறாள் என்று வைத்துக்கொள்வோம். அதோடு 4 கிரெடிட் ஆர்கானிக்கில் சி பிளஸ், அதாவது 2.3. இப்போது அவளுடைய பிசிபிஎம் 3.80. படிப்பு முடியும்போது 60 கிரெடிட் ஆகி, மற்றதெல்லாம் ஏ என்றால் 3.89. 2024இல் எம்.டி. படிப்பில் சேர்ந்தவர்களின் சராசரி ஒட்டுமொத்த ஜிபிஏ 3.79. அழுகிற அளவுக்கு இதில் ஒன்றும் இல்லை.

சரி, திரும்ப எடுத்தால்? பழைய கிரேடு அழிந்துவிடும் என்று நம் வீடுகளில் பலர் நினைத்துக்கொண்டிருக்கிறார்கள். அழியாது. ஆம்காஸ் இரண்டு முயற்சியையும் கணக்கில் சேர்க்கும். டி.ஓ. (ஆஸ்டியோபதி மருத்துவம், அமெரிக்காவின் இன்னொரு டாக்டர் பட்டம்) கல்லூரிகளுக்கான விண்ணப்பத்தில் முன்பு புது கிரேடு பழையதன் இடத்தைப் பிடிக்கும். 2017இல் அந்தச் சலுகையும் போய்விட்டது. ஆகவே திரும்ப எடுத்து ஏ வாங்கினால் 3.89 என்பது 3.89 ஆகவேதான் இருக்கும், மூன்றாவது தசம இடத்தில் கொஞ்சம் நகரும். அதே 4 கிரெடிட்டுக்குப் புதிதாக ஒரு பாடம், செல் பயாலஜியோ ஃபிசியாலஜியோ எடுத்து ஏ வாங்கினாலும் கணக்கு ஒன்றுதான். திரும்ப எடுத்ததில் பி வந்தால் என்ன ஆகும் என்று யோசியுங்கள். சி பிளஸை ஒரு தடவை மன்னித்தவர்கள் அதை அவ்வளவு சுலபமாக மன்னிக்க மாட்டார்கள்.

சேர்க்கைக் குழுவின் கையில் இருக்கும் தாளைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். அதில் ஒரு சின்னக் கட்டம் இருக்கும். மேலிருந்து கீழே முதல் வருடம், இரண்டாம் வருடம், மூன்றாம் வருடம் என்று வரிசை. பக்கவாட்டில் பிசிபிஎம், மற்றவை, மொத்தம். படிக்கிறவர் கண் முதலில் அந்த பிசிபிஎம் பத்தியில் மேலிருந்து கீழே இறங்கும். 4.0, 3.6, 3.9 என்று போனால் இரண்டாவது வரியில் ஒரு நொடி நின்று, ட்ரான்ஸ்கிரிப்டைப் புரட்டி, "ஓ, ஆர்கானிக்கா" என்று அடுத்த விஷயத்துக்குப் போய்விடுவார். 4.0, 3.6, 3.3 என்று இறங்கினால்தான் பேச்சு நீளும்.

ஆகவே உங்கள் மகள் செய்ய வேண்டியது ஆர்கானிக் இரண்டாம் பகுதியையும் அதன்பின் பயோகெமிஸ்ட்ரியையும் நன்றாக முடிப்பது. பயோகெமில் வரும் ஏ இந்த சி பிளஸுக்கு நேரடியான பதில். ஆர்கானிக் தெரியாமல் அதில் ஏ வாங்க முடியாது என்று படிக்கிறவர்களுக்குத் தெரியும்.

ஆர்கானிக்கை வைத்து நல்ல டாக்டரைக் கண்டுபிடிக்க முடியுமா என்பது வேறு வழக்கு. நியூயார்க்கில் மவுண்ட் சைனாய் மருத்துவக் கல்லூரி 1987 முதலே ஆர்கானிக், ஃபிசிக்ஸ், எம்கேட் (மருத்துவக் கல்லூரி நுழைவுத் தேர்வு) எதுவும் கேட்காமல் இலக்கியம், வரலாறு படித்த மாணவர்களில் சிலரைச் சேர்த்துக்கொண்டது. அவர்கள் மற்ற மாணவர்களுக்குச் சமமாகவே படித்து முடித்தார்கள் என்று 2010இல் ஆய்வுக் கட்டுரையும் வெளியிட்டார்கள். 2022இல் நியூயார்க் பல்கலைக்கழகத்தில் இந்தப் பாடம் எடுத்த 350 பேரில் 82 பேர் மனு எழுத, கடைசியில் பேராசிரியருக்கு வேலை போனது. உங்கள் மகள் தனியாள் இல்லை என்று சொல்லத்தான் இதையெல்லாம் எழுதுகிறேன். ஆனால் அவளுக்கு இந்தக் கதைகளால் கிரேடு மாறப்போவதில்லை.

ஃப்ரிஸ்கோ, டெக்சாஸ்: பையனுக்கு ஏ மைனஸ் நிறைய இருக்கிறது, பி பிளஸும் சிலது. டெக்சாஸ் கல்லூரிகளுக்கு மட்டும்தான் போடுகிறோம். கணக்கு வேறு மாதிரி என்று நண்பர் சொன்னார். உண்மையா?

உண்மை. டெக்சாஸ் அரசுக் கல்லூரிகளுக்கான டிஎம்டிஎஸ்ஏஎஸ் விண்ணப்பத்தில் பிளஸ், மைனஸ் இரண்டையும் எடுத்துவிடுவார்கள். ஏ மைனஸ் 4.0 ஆகிவிடும், பி பிளஸ் 3.0. ஏ மைனஸ் நிறைய என்றால் உங்களுக்கு லாபம், பி பிளஸ் நிறைய என்றால் நஷ்டம். இரண்டையும் எண்ணிப் பாருங்கள். சட்டப்படி அந்த அரசுக் கல்லூரிகளில் வெளி மாநிலத்தாருக்கு 10 விழுக்காட்டுக்கு மேல் இடம் தர முடியாது. டெக்சாஸ்காரர்களுக்கு அது பெரிய வசதி. ஆனாலும் அங்கே மட்டும் போட்டுவிட்டு உட்காராதீர்கள்.

ஆன் ஆர்பர், மிச்சிகன்: அக்கா, ஃபிசிக்ஸில் சி மைனஸ். அப்பாவிடம் இன்னும் சொல்லவில்லை. இதுவும் சி மாதிரிதானே?

இல்லை தம்பி. இந்த ஒரு மைனஸில்தான் விஷயமே இருக்கிறது. ப்ரீரெக், அதாவது சேரும் முன் கட்டாயம் முடிக்க வேண்டிய பாடங்களில் குறைந்தது சி வேண்டும் என்று பல மருத்துவக் கல்லூரிகள் எழுதியே வைத்திருக்கின்றன. அங்கே சி மைனஸ் வாங்கியது அந்தப் பாடத்தைப் படிக்காததற்குச் சமம். மேலே எடிசன் அம்மாவுக்குத் திரும்ப எடுக்க வேண்டாம் என்றேன். உனக்கு எடுத்துத்தான் ஆக வேண்டும்.

எங்கே எடுப்பது? முடிந்தால் உன் பல்கலைக்கழகத்திலேயே. கோடையில் வீட்டுப் பக்கத்துக் கம்யூனிட்டி காலேஜில் (உள்ளூர் இரண்டு வருடக் கல்லூரி) எடுத்தால் தப்பில்லை, பலர் செய்கிறார்கள். ஆனால் கஷ்டமான பாடங்களை மட்டும் பொறுக்கி அங்கே கொண்டுபோய் முடித்தது போலத் தெரிந்தால் படிக்கிறவருக்கு ஒரு சந்தேகம் வரும். ஒரே ஒரு பாடம் என்றால் கவலை வேண்டாம்.

எடுப்பதற்கு முன்னால் பழைய விடைத்தாள்களைக் கையில் எடுத்துப் பேராசிரியரின் ஆபீஸ் நேரத்தில் போய் உட்கார். எந்த இடத்தில் மார்க் போனது என்று பார். ஃபார்முலா தெரியாமல் போனதா, கணக்கை அமைக்கத் தெரியாமல் போனதா, நேரம் போதாமல் போனதா? மூன்றுக்கும் மருந்து வேறு வேறு. இது தெரியாமல் திரும்ப உட்கார்ந்தவர்கள் அதே கிரேடோடு வந்ததை நிறையப் பார்த்திருக்கிறேன். அப்பாவிடம் இந்த வாரமே சொல்லிவிடு. அவரே எனக்கு எழுதுவதற்குள்.

ஃப்ரீமாண்ட், கலிஃபோர்னியா: கெமிஸ்ட்ரியில் ஒரு சி இருக்கிறது. எம்கேட்டில் நல்ல ஸ்கோர் எடுத்தால் அதை மறைத்துவிடலாமா?

மறைக்க முடியாது, பதில் சொல்லலாம். எம்கேட் 472 முதல் 528 வரை. 2024இல் சேர்ந்தவர்களின் சராசரி 511.8. எல்லாரும் மொத்த ஸ்கோரையே பேசுவார்கள். உங்கள் நிலையில் இருப்பவர் பார்க்க வேண்டியது பகுதி ஸ்கோரை. நான்கு பகுதி, ஒவ்வொன்றும் 118 முதல் 132. கெமிஸ்ட்ரி, ஃபிசிக்ஸ் பகுதியில் 129, 130 வந்தால் கெமிஸ்ட்ரி வராதவர் என்ற பேச்சு எழாது. அதே பகுதியில் 124 வந்து, மற்ற மூன்றும் சேர்ந்து மொத்தத்தைத் தூக்கி நிறுத்தியிருந்தால், அந்த சி-யை நீங்களே உறுதிப்படுத்திக் கொடுத்ததாகிவிடும்.

ஒட்டுமொத்த ஜிபிஏவே 3.3 பக்கம் இருந்தால் கதை வேறு. மிக உயர்ந்த எம்கேட்டைப் பார்த்து "புத்தி இருக்கிறது, நாலு வருடம் உட்கார்ந்து படிக்கவில்லை" என்று சிலர் முடிவு கட்டிவிடுவார்கள். அப்படிப்பட்டவர்கள் பட்டம் முடித்து ஓரிரு வருடம் கூடுதலாக அறிவியல் பாடங்கள் எடுப்பது நல்லது. போஸ்ட்-பேக் என்பார்கள். நான் சொன்ன கட்டத்தில் அதற்கென்று தனி வரியே உண்டு. முதுகலைப் பாடமாக எடுத்தால் இளங்கலை ஜிபிஏ அசையாது என்பதை மட்டும் சேரும் முன் தெரிந்துகொள்ளுங்கள்.

கேரி, வட கரோலினா: எனக்கு 34 வயது. 2011இல் சென்னையில் பி.எஸ்சி. கெமிஸ்ட்ரி முடித்தேன். இரண்டு அரியர் இருந்தது, பிறகு எழுதி கிளியர் பண்ணினேன். இப்போது கிரீன் கார்டு வந்துவிட்டது. இங்கே மருத்துவம் படிக்க ஆசை. அந்த அரியர் தடையாக இருக்குமா?

இருக்காது. அதில்தான் சிக்கலும். இந்தியக் கல்லூரி மார்க்கை ஆம்காஸ் ஜிபிஏவில் சேர்ப்பதே இல்லை. உங்கள் அரியரும் வராது, நீங்கள் நூறு வாங்கிய பேப்பரும் வராது. இங்கே நீங்கள் வெள்ளைத் தாள்.

அமெரிக்காவிலோ கனடாவிலோ 90 கிரெடிட் முடித்திருக்க வேண்டும் என்று கேட்கும் மருத்துவக் கல்லூரிகள் நிறைய. பி.எஸ்சி. இருந்தும் கிட்டத்தட்ட மறுபடி ஒரு இளங்கலை. பலர் கம்யூனிட்டி காலேஜில் தொடங்கி, மேல்நிலை அறிவியல் பாடங்களுக்குப் பல்கலைக்கழகத்துக்கு மாறுகிறார்கள். குழந்தைகளைப் பள்ளியில் விட்டுவிட்டு நேராக லேப் வகுப்புக்குப் போன பெண்களை எனக்குத் தெரியும். முடியும், ஆனால் நிறைய வருடம் கேட்கும்.

வெள்ளைத் தாளில் ஒரு துளி மை விழுந்தாலும் பளிச்சென்று தெரியும். முதல் 16 கிரெடிட்டில் 12க்கு ஏ, 4க்கு சி என்றால் உங்கள் ஜிபிஏ 3.5. எடிசன் பெண்ணுக்கு 3.8 தந்ததும் கிட்டத்தட்ட இதே அளவு சறுக்கல்தான், உங்களிடம் தாங்கிப்பிடிக்கப் பழைய கிரெடிட் இல்லை. அதனால் முதல் செமஸ்டர் ஒரே ஒரு அறிவியல் பாடம் எடுங்கள், கெமிஸ்ட்ரி உங்களுக்குத் தெரிந்ததுதானே என்றாலும். கிரீன் கார்டு வந்தது பெரிய நிம்மதி. குடியுரிமையோ கிரீன் கார்டோ இல்லாதவர்களை மாநிலக் கல்லூரிகள் பல எடுப்பதே இல்லை. வயதைப் பற்றி நீங்கள் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை.

நேப்பர்வில், இல்லினாய்: விண்ணப்பக் கட்டுரையில் என் சி கிரேடைப் பற்றி எழுதலாமா அக்கா? எழுதினால் எப்படி?

முதன்மைக் கட்டுரையில் வேண்டாம். 5,300 எழுத்து, இடைவெளியும் சேர்த்து. அதில் நீங்கள் ஏன் மருத்துவராக வேண்டும் என்று சொல்லவே இடம் போதாது. முதல் கட்ட விண்ணப்பம் போனபின் ஒவ்வொரு கல்லூரியும் தனித்தனியாகக் கேள்விகள் அனுப்பும். படிப்பில் ஏதாவது விளக்க வேண்டியிருக்கிறதா என்று அதில் பலர் கேட்பார்கள். அங்கே எழுதுங்கள்.

என்னிடம் திருத்தக் கொடுத்த ஒரு பத்தி கிட்டத்தட்ட இப்படி இருந்தது: பேராசிரியர் கேள்வித்தாளைக் கடினமாக எடுத்தார், அந்த செமஸ்டரில் ஊரில் பாட்டிக்கு உடம்பு சரியில்லை, ரூம்மேட் தொல்லை, ஆனால் இந்த அனுபவம் என்னை வலிமையாக்கியது. மூன்று காரணம் சொன்னால் ஒன்றையும் நம்ப மாட்டார்கள். வலிமையானது கிரேடில் தெரிய வேண்டும், வாக்கியத்தில் அல்ல.

பேசிப் பேசி, அதே மாணவர் கடைசியில் எழுதியது இது: "அந்த செமஸ்டர் வாரம் 20 மணி நேரம் வேலை பார்த்தேன். விடைகளைப் படித்தேனே தவிர, நானாகப் போட்டுப் பார்க்கவில்லை. அடுத்த செமஸ்டர் வேலையை 8 மணி நேரமாகக் குறைத்தேன், தினமும் பத்துக் கணக்கு போட்டேன். அந்தப் பாடத்தின் இரண்டாம் பகுதியில் ஏ மைனஸ், பயோகெமிஸ்ட்ரியில் ஏ." அவ்வளவுதான். நேர்முகத்தில் கேட்டாலும் இதையே சொல்லிவிட்டு வாயை மூடிக்கொள்ளுங்கள். அந்த மௌனத்தைத் தாங்க முடியாமல்தான் நம் பிள்ளைகள் ரூம்மேட்டை உள்ளே இழுக்கிறார்கள்.

எடிசன், இன்னொருவர்: பையன் ஜிபிஏ 3.5. ஆலோசகர் டி.ஓ. கல்லூரி பார்க்கச் சொல்கிறார். அது டாக்டர்தானா?

டாக்டர்தான். 50 மாநிலத்திலும் முழு உரிமம், அறுவை சிகிச்சை உட்பட. 2020 முதல் ரெசிடென்சியும் (பட்டத்துக்குப் பின் மருத்துவமனைப் பயிற்சி) எம்.டி.க்களோடு ஒரே அமைப்பின் கீழ் வந்துவிட்டது. கடும் போட்டியுள்ள சில துறைகளில் எம்.டி.க்குக் கொஞ்சம் மேல்கை இருப்பது நிஜம். நீங்கள் கேட்டது அதையல்ல, கல்யாண வீட்டில் என்ன சொல்வது என்பதை. டாக்டர் என்று சொல்லுங்கள்.

ஆஸ்டின், டெக்சாஸ்: பயாலஜி கிளாஸில் இரண்டு மிட்-டெர்மும் போய்விட்டது. இப்போது விலகினால் ட்ரான்ஸ்கிரிப்டில் கிரேடுக்குப் பதில் 'விலகினார்' என்று டபிள்யூ விழும். இருந்தால் சி வரலாம், அதற்குக் கீழேயும் போகலாம். விலகக் கடைசி நாள் வெள்ளிக்கிழமை. என்ன செய்ய?

ஒரே ஒரு டபிள்யூ என்றால் யாரும் பெரிதாக எடுத்துக்கொள்ள மாட்டார்கள். ஜிபிஏவிலும் சேராது. அதற்குக் கீழே போகலாம் என்று நீங்களே சொல்வதால் விலகுவது மேல். ஏற்கெனவே இரண்டு, மூன்று டபிள்யூ இருந்தால் அது ஒரு பழக்கமாகத் தெரியும், அப்போது விலகாமல் போராடுங்கள். விலகும் முன் இரண்டு விஷயம் பாருங்கள்: மீதி 12 கிரெடிட்டுக்குக் கீழே இறங்கினால் முழுநேர மாணவர் என்ற அந்தஸ்து போய் உதவித்தொகையில் கைவைக்கலாம், அடுத்த பாடத்துக்கு இந்த பயாலஜி தேவை என்றால் ஒரு வருடம் தள்ளிப்போகலாம். இரண்டுக்கும் பதில் உங்கள் கல்லூரி அட்வைசரிடம் இருக்கிறது. மெயில் போட்டுக் காத்திருக்காமல் நாளைக் காலையே நேரில் போங்கள்.