காலேஜ விடறதுக்கு ரே மன்சாரெக்க உதாரணம் காட்டுற பையனுக்கு, அவன் அம்மா வழியா

அக்கா வணக்கம். உங்க மெசேஜ் ராத்திரி பதினோரு மணிக்கு மேல வந்திருந்துச்சு, காலைல தான் பார்த்தேன். பையன் பி.இ. மூணாவது வருஷம், ரெண்டு அரியர், ராத்திரி பூரா ஹெட்போன மாட்டிக்கிட்டு கீபோர்டு, இப்ப திடீர்னு காலேஜே வேணாம் பேண்ட் ஆரம்பிச்சு அப்புறம் ப்ரொட்யூசர் ஆகப்போறேன்னு சொல்றான், ஏன்டான்னு கேட்டா ரே மன்சாரெக் என்ன இன்ஜினியரிங் படிச்சா பெரிய ஆளானாருன்னு திருப்பிக் கேக்குறான், யாரு தம்பி அந்த ஆளுன்னு எழுதியிருக்கீங்க. படிச்சதும் எனக்கு சிரிப்பு வந்துருச்சு, தப்பா எடுத்துக்காதீங்க. படிப்ப விடறதுக்கு உதாரணம் தேடினவன் போயும் போயும் ரெண்டு டிகிரி வாங்கின ஆளப் புடிச்சிருக்கான்.

தி டோர்ஸ்னு ஒரு அமெரிக்க ராக் பேண்ட், 1965ல லாஸ் ஏஞ்சலஸ்ல ஆரம்பிச்சது, அதுல கீபோர்டு வாசிச்சவர் தான் இந்த மன்சாரெக். பாடினவர் ஜிம் மாரிசன், உங்க பையன் ரூம்ல சட்டை போடாம ஒரு போஸ்டர் இருந்தா அது அவரு. மன்சாரெக் பிறந்தது 1939ல சிகாகோல, சவுத் சைடு, ப்ளூஸ் பாட்டுக்கு பேர் போன ஏரியா. சின்ன வயசுலயே பியானோ கிளாஸ். அப்புறம் அதே ஊர்ல டிபால் யுனிவர்சிட்டில எகனாமிக்ஸ் டிகிரி, 1960ல முடிச்சாரு. முடிச்சாருங்கறத மட்டும் பையன்கிட்ட ரெண்டு தடவ சொல்லுங்க.

ஆனா உங்க பையன் சொல்றதுலயும் கொஞ்சம் உண்மை இருக்கு, அத மறைச்சா நான் ஆலோசகரே இல்ல. டிகிரி முடிச்சிட்டு கலிஃபோர்னியா போய் லா சேர்ந்தாரு, சில வாரத்துலயே விட்டுட்டாரு. அப்புறம் ஒரு பேங்க்ல ட்ரெய்னி, அதுவும் ஒத்து வரல. அப்புறம் ராணுவத்துல சேர்ந்து ஓகினாவா, தாய்லாந்து வரைக்கும் போயிட்டு வந்தாரு. திரும்பி வந்து லாஸ் ஏஞ்சலஸ்ல யூசிஎல்ஏ யுனிவர்சிட்டில சினிமா படிப்பு, அதுல மாஸ்டர்ஸ் முடிச்சது 1965. ஆக மனுஷன் விட்டதும் உண்டு முடிச்சதும் உண்டு, கைல ஒரு டிகிரி வெச்சுக்கிட்டு அடுத்தத விட்டாரு. மூணாவது வருஷத்துல ரெண்டு அரியரோட விடறதும் இதுவும் ஒண்ணாக்கா?

யூசிஎல்ஏல படிக்கறப்பவும் அவரு வாசிக்காம இல்ல, தம்பிகளோட சேர்ந்து ஒரு பேண்ட் இருந்துச்சு, வார நாள்ல ஃபிலிம் கிளாஸ், வாரக் கடைசில சான்டா மோனிகால ஒரு பார்ல வாசிப்பு. மாரிசனும் அங்க ஃபிலிம் படிச்சவர் தான். படிப்பு முடிஞ்ச அந்த கோடைல வெனிஸ் பீச்சுல ரெண்டு பேரும் பார்த்துக்கிட்டாங்க, நீ என்ன பண்றன்னு மன்சாரெக் கேட்டப்ப பாட்டு எழுதறேன்னு மாரிசன் மணல்ல உக்காந்து பாடிக் காட்டினாரு, அங்க தான் பேண்ட் பேச்சே வந்துச்சு. அதாவது படிப்ப விட்டதால பேண்ட் கிடைக்கல, படிக்கப் போன இடத்துல தான் கூட்டாளி கிடைச்சான்.

இன்னொண்ணு, இது உங்களுக்கு இல்ல பையனுக்கு. அந்த பேண்ட்ல ஸ்டேஜ்ல பேஸ் கிட்டார் (பாட்டுக்கு அடியில கனமா ஓடற சத்தம்) வாசிக்க ஆளே கிடையாது. மன்சாரெக் வலது கைல வாக்ஸ் ஆர்கன், அதுக்கு மேலேயே ஃபென்டர் ரோட்ஸ் பியானோ பேஸ்னு 32 கட்டை உள்ள ஒரு சின்ன கீபோர்ட வெச்சு இடது கைல பேஸ், ரெண்டு பேர் வேலைய ஒரே ஆளா பார்த்தாரு. சிகாகோல கேட்டு வளர்ந்த பூகி வூகிங்கற பியானோ ஸ்டைல்ல இடது கை ஒரே வரிய விடாம திரும்பத் திரும்ப உருட்டும், அந்தப் பழக்கம் இங்க கை கொடுத்துச்சு. உங்க பையன் வலது கைல மட்டும் சோலோ வாசிச்சு ரீல்ஸ் போடறானான்னு பாருங்க. இடது கைல ஒரு பாட்டு முழுக்க தாளம் பிசகாம ஓட்ட முடியுதான்னு கேளுங்க, கோவிச்சுக்கிட்டா பதில் கிடைச்சிருச்சுன்னு வெச்சுக்கலாம் (சும்மா சொன்னேன், ஆனா கேளுங்க).

பேர் வந்த கதை சுருக்கம் தான், 1966ல சன்செட் ஸ்ட்ரிப்ல லண்டன் ஃபாக்னு கூட்டமே வராத ஒரு சின்ன கிளப்ல ராத்திரி ராத்திரி வாசிச்சு தேறி, அப்புறம் விஸ்கி அ கோ கோன்னு இன்னொரு கிளப், அங்கிருந்து எலெக்ட்ரா ரெக்கார்ட்ஸ்ங்கற ரெக்கார்ட் கம்பெனி, 1967 ஜனவரில முதல் ஆல்பம், ஜூலைல லைட் மை ஃபயர் அமெரிக்கால நம்பர் ஒன். நான்கு வருஷம் கழிச்சு 1971 ஜூலைல மாரிசன் பாரிஸ்ல இறந்துட்டாரு, 27 வயசு. மீதி மூணு பேர் ரெண்டு ஆல்பம் போட்டுப் பார்த்தாங்க, நிக்கல, 1973ல பேண்ட் கலைஞ்சிருச்சு. மன்சாரெக்குக்கு அப்ப 34 வயசு. அதுக்கப்புறம் இன்னும் 40 வருஷம் வாழ்ந்தாரு அக்கா, 2013ல தான் போனாரு. உங்க பையன் பார்க்கறது அந்த எட்டு வருஷத்த, நான் பார்க்கச் சொல்றது இந்த நாப்பத.

அந்த நாப்பது வருஷத்துக்கு சோறு போட்டதுல பெரிய பங்கு பாட்டுக்கு வர்ற ராயல்டி. லைட் மை ஃபயர முக்கியமா எழுதினது கிட்டார் வாசிச்ச ராபி க்ரீகர், ஆனா ஆல்பத்துல எழுதினது தி டோர்ஸ்னு தான் போட்டாங்க, பணம் நாலு பங்கு சமம், எந்த முடிவுனாலும் நாலு பேரும் ஒத்துக்கணும்னு ஏற்பாடு. இருவது சொச்சம் வயசு பசங்க! அப்படி இருந்தும் 2000க்கு அப்புறம் மன்சாரெக்கும் க்ரீகரும் அந்தப் பேர வெச்சு டூர் போனப்ப ட்ரம்மர் ஜான் டென்ஸ்மோர் கோர்ட்டுக்குப் போயிட்டாரு, மாரிசன் குடும்பமும் தான், கேஸ்ல இவங்க ரெண்டு பேரும் தோத்தாங்க. பையனோட பேண்ட்ல நாலு பேர்னு சொன்னீங்களே, பாட்டு யாரு பேர்ல, பேண்ட் பேர் யாருக்கு, ஒருத்தன் வேலை கிடைச்சு பெங்களூரு போயிட்டா என்ன கணக்கு, ஒரு பேப்பர்லயாவது எழுதியிருக்காங்களா?

இப்ப அந்த ப்ரொட்யூசர்ங்கற வார்த்தை. நீங்க பயந்தது இதுக்குத் தான்னு புரியுது, நம்ம ஊர்ல ப்ரொட்யூசர்னா வீட்ட அடமானம் வெச்சு படம் எடுத்து தெருவுக்கு வர்ற ஆள்னு தான் மனசுல வரும். மியூசிக்ல அது வேற வேலை. ஸ்டுடியோல உக்காந்து பாட்டு எப்படி கேக்கணும், பல தடவ பதிவு பண்ணதுல எந்த டேக் நல்லாருக்கு, எத வெட்டணும்னு முடிவு பண்றவர் தான் அங்க ப்ரொட்யூசர், பணம் போடணும்னு அவசியமில்ல. மன்சாரெக் 1980லேருந்து 1983 வரைக்கும் எக்ஸ்னு ஒரு லாஸ் ஏஞ்சலஸ் பங்க் பேண்டுக்கு நாலு ஆல்பம் இப்படி பண்ணிக் கொடுத்தாரு, நாப்பது தாண்டினவர் தன்னவிட சின்னப் பசங்களுக்கு.

ராக் ஸ்டார் நிஜமாவே சினிமா தயாரிப்பாளர் ஆனதும் நடந்திருக்கு. பீட்டில்ஸ் பேண்ட்ல இருந்த ஜார்ஜ் ஹாரிசன் நண்பர்களோட படம் நின்னு போச்சேன்னு வீட்ட அடமானம் வெச்சுத் தான் பணம் போட்டாரு, ஹேண்ட்மேட் ஃபிலிம்ஸ்ங்கற அவரோட படக் கம்பெனி அப்படி வந்தது தான். அவரு பீட்டில்ஸ் அக்கா, அவருகிட்ட வீடுன்னா அரண்மனை. உங்க வீட்டுப் பத்திரம் பீரோலயே இருக்கட்டும்.

மன்சாரெக் சினிமாவுக்குத் திரும்பினது மெதுவா தான். 1985ல பழைய டோர்ஸ் பாட்டு ஒண்ணுக்கு வீடியோ டைரக்ட் பண்ணாரு, 1968ல ஹாலிவுட் போல்ங்கற திறந்தவெளி அரங்கத்துல எடுத்த கச்சேரி ஃபிலிம வெச்சு 1987ல ஒரு வீடியோ கொண்டு வந்தாரு, முழுநீளக் கதைப் படம் டைரக்ட் பண்ணது 2000ல. படிச்சு முடிச்சது 1965, படம் 2000, 35 வருஷம். பெருசா பேசப்படவும் இல்ல. பேண்ட் கலைஞ்சப்ப அந்தப் படிப்பு உடனே சோறு போடல, ஆனா படிச்சு முடிச்சு இருபது வருஷம் கழிச்சு பழைய ரீல எடுத்து வெட்டி ஒட்ட அவருக்குத் தெரிஞ்சிருந்துச்சு.

சரி, உங்க வீட்டுக்கு வருவோம். அவன் அப்பா கீபோர்ட பரண்ல தூக்கிப் போட்டுட்டாருன்னு எழுதியிருக்கீங்க, மொதல்ல அத கீழ இறக்குங்க. பரண்ல போட்டதுல அரியர் க்ளியர் ஆகாது, பையன் ஃப்ரெண்டு ரூமுக்குப் போவான், அவ்ளோ தான். அதுக்குப் பதிலா பேரம் பேசுங்க: ரெண்டு அரியரும் வர்ற செமஸ்டர்ல முடியணும், சனி ஞாயிறு கீபோர்டு பக்கம் யாரும் வாய் திறக்கக் கூடாது. டிகிரி ஏன் வேணும்னு கேட்டான்னா புனே ஃபிலிம் இன்ஸ்டிட்யூட்ல டைரக்‌ஷனோ எடிட்டிங்கோ கோர்ஸ் சேரணும்னா ஏதாவது ஒரு டிகிரி கேப்பாங்கன்னு சொல்லுங்க, கொல்கத்தா சத்யஜித் ரே இன்ஸ்டிட்யூட்லயும் அதே தான். பி.இ. இருந்தா அப்ளை பண்ணலாம், பாதில விட்டா ஃபார்மே போட முடியாது. சவுண்ட் பக்கம் ஆசை இருந்தா அவன் படிக்கிற எலக்ட்ரானிக்ஸே உதவும், சிக்னல்ஸ் பேப்பர்ல தான் ஒரு அரியர்னு சொன்னீங்க இல்ல, அவன் டெய்லி கீபோர்டுல திருகுற ஃபில்டரோட கணக்கு அதுல தான் இருக்கு, இத யாரும் அவனுக்கு சொல்லலன்னு நெனைக்கிறேன்.

சனிக்கிழமை பதினோரு மணிக்கு கூட்டிட்டு வாங்க. மார்க் ஷீட் வேணாம், லேப்டாப்ல அவன் பாதில விட்டு வெச்சிருக்கற பாட்டெல்லாம் எடுத்துட்டு வரச் சொல்லுங்க, முழுசா முடிச்சது ஒண்ணாவது இருந்தா அதையும். அவன் அப்பாவும் வந்தா நல்லது, ஆனா மொத அரை மணி நேரம் அவரு வெளிய தான் உக்காரணும், பக்கத்துல டீக்கடை இருக்கு.