2147483647 பகா எண் என்று எப்படி உறுதியாகச் சொல்கிறார்கள்?

1, அதே எண் ஆகிய இரண்டு எண்களைத் தவிர வேறெதாலும் மீதியின்றி வகுபடாததே பகா எண். மண்டபத்தில் அத்தனை நாற்காலிகள் இருந்தால், ஒற்றை வரிசையாகப் போடலாமே தவிர, சம வரிசைகளாகப் பிரிக்க முடியாது.

31 இரண்டுகளைப் பெருக்கி 1 கழித்தால் 2147483647. இதற்குக் காரணி இருந்தால், ஒன்றாவது அதன் வர்க்கமூலத்துக்குள், அதாவது 46,340-க்குள் சிக்கியாக வேண்டும். அதிலும் 62ஆல் (31-இன் இருமடங்கு) வகுத்தால் மீதி 1 தரும் பகா எண்களைச் சோதித்தாலே போதும்; 3, 7, 11 எல்லாம் எடுத்த எடுப்பிலேயே கழிந்துவிடும். 1772-இல் கணிதமேதை ஆய்லர் இந்த வழியில்தான் நிறுவினார். கணினி ஏது அப்போது!

அடுக்கு, அதாவது பெருக்கும் இரண்டுகளின் எண்ணிக்கை, பகா எண்ணாக இருந்தால் விடையும் பகா எண்தான் என்று பலர் நினைக்கிறார்கள். அப்படியில்லை: 11 இரண்டுகளைப் பெருக்கி 1 கழித்தால் 2047; அது 23 × 89.