பழைய போர்ஷே பாக்ஸ்டரில் பேரிங்கையும் சீலையும் வீட்டிலேயே மாற்ற முடியுமா?

முடியும். நான் மாற்றியிருக்கிறேன். கார் 2003ஆம் வருடத்து பாக்ஸ்டர் எஸ், 3.2 லிட்டர் இன்ஜின். இடம் இங்கிலாந்தில் என் வீட்டோடு ஒட்டிய, ஒரு கார் மட்டுமே நிற்கக்கூடிய கராஜ்.

இன்ஜினும் கியர்பாக்ஸும் சேரும் இடத்தில் எண்ணெய் சொட்டுகிறது, ஐ.எம்.எஸ். பேரிங்கையும் (இன்ஜினுக்குள் ஓடும் இடைத்தண்டைத் தாங்குவது) பின்பக்க மெயின் சீலையும் (கிராங்க் ஷாஃப்ட்டின் பின்முனையில் எண்ணெய் கசியாமல் தடுக்கும் வளையம்) நானே மாற்றலாமா, எல்லோரும் பயமுறுத்துகிறார்களே என்று கேட்டிருக்கிறீர்கள். காரைப் பழையதாகத்தான் வாங்கியிருப்பீர்கள். பட்டறையில் சொன்ன கூலி கார் விலையில் பாதியைத் தொட்டிருக்கும். எனக்கும் அப்படித்தான் ஆனது.

"தெரியாதவர்களை உசுப்பிவிடாதீர்கள்" என்று இங்கே சிலர் சண்டைக்கு வருவார்கள் என்பது தெரியும். பட்டறைக்காரர்களை நான் குறை சொல்லவில்லை. அவர்கள் வேலைக்கு உத்தரவாதம் தருகிறார்கள், அதற்கு ஒரு விலை உண்டு. பிரேக்கும் ஆயிலும்கூட மாற்றிப் பழகாதவர் இந்த வேலையில் கை வைக்க வேண்டாம் என்றுதான் நானும் சொல்வேன். ஆனால் ஸ்பானர் பிடித்துப் பழகிய ஒருவரால் இது முடியாது என்று சொல்வதை ஏற்க மாட்டேன்.

முதலில் விஷயம் என்னவென்று பார்ப்போம். 1996இல் பாக்ஸ்டரோடு வந்த எம்96 இன்ஜினில் கிராங்க் ஷாஃப்ட்டுக்குக் கீழே ஓர் இடைத்தண்டு ஓடுகிறது. வால்வுகளைத் திறக்கும் கேம் ஷாஃப்ட்டுகளைச் சுழற்றும் செயின்கள் இதிலிருந்துதான் இயக்கம் பெறுகின்றன. இதன் ஃப்ளைவீல் (கிளட்ச் பொருந்தும் கனமான சக்கரம்) பக்க முனையைத் தாங்குவது ஒரு பால் பேரிங். கிரீஸ் அடைத்து, இருபக்கமும் சீல் வைத்த பேரிங் அது. நாளடைவில் இன்ஜின் எண்ணெய் சீலைத் தாண்டி உள்ளே போய் கிரீஸைக் கரைத்துவிடுகிறது. உள்ளே போன எண்ணெயோ வெளியே வர வழியின்றி அங்கேயே கிடந்து கெட்டுப்போகிறது. பேரிங் உடைந்தால் தண்டு ஆடும், செயின் பல் தாண்டும், வால்வு பிஸ்டனில் இடிக்கும், இன்ஜின் அதோடு போய்விடும். ஆரம்ப வருட கார்களில் இருவரிசைப் பேரிங் இருந்தது. ஏறத்தாழ 2000 முதல் 2005 வரை வந்தவற்றில் பெரும்பாலும் ஒற்றை வரிசை. அதுதான் பலவீனமானது. அமெரிக்காவில் இதற்காகக் கூட்டு வழக்கே நடந்து சமரசத்தில் முடிந்தது. ஏறத்தாழ 2006 முதல் வந்த பெரிய பேரிங்கை இன்ஜினைப் பிளக்காமல் வெளியே எடுக்கவே முடியாது. ஆகவே உங்கள் காரில் எது இருக்கிறது என்று தெரிந்துகொண்ட பிறகே பணம் செலவழியுங்கள்.

எண்ணெய்க் கசிவைப் பொறுத்தவரை, மெயின் சீலில் கசிந்தாலும் இடைத்தண்டின் மூடியில் கசிந்தாலும் சொட்டு விழுவது ஒரே இடத்தில்தான். கியர்பாக்ஸ், கிளட்ச், ஃப்ளைவீல் மூன்றையும் கழற்றிய பிறகுதான் எது என்று தெரியும். அவ்வளவு தூரம் போன பிறகு ஒன்றை மட்டும் மாற்றிவிட்டு மூடுவது வீண்.

ஆனால் எதையும் கழற்றுவதற்கு முன்னால் ஆயில் ஃபில்டரைப் பாருங்கள். இதை எவ்வளவு அழுத்திச் சொன்னாலும் தகும். ஃபில்டர் காகிதத்தை வெட்டி விரித்து, எண்ணெயை வடியவிட்டு, ஒவ்வொரு மடிப்பாக வெயிலில் காட்டிப் பாருங்கள். பிறகு காந்தத்தைக் காகிதத்தின் மேல் நகர்த்துங்கள். மினுமினுக்கும் இரும்புத் துகள் காந்தத்தில் ஒட்டினால் பேரிங் ஏற்கனவே சிதையத் தொடங்கியிருக்கலாம். அந்தத் துகள் இன்ஜின் முழுவதும் சுற்றியிருக்கும். அப்போது புதுப் பேரிங் போட்டும் பயனில்லை, இன்ஜினையே பிரிக்க வேண்டும். கறுப்பு பிளாஸ்டிக் துணுக்கு பேரிங் சீலிலிருந்து வந்திருக்கலாம். பழுப்பு நிறத்தில் இருந்தால் பெரும்பாலும் செயின் வழிகாட்டிப் பட்டையின் தேய்மானம். என் ஃபில்டரில் இரும்பு இல்லை. அதைப் பார்த்த பிறகே உதிரிபாகங்களுக்குப் பணம் கட்டினேன்.

இந்தக் காரில் இன்ஜின் நடுவில் இருப்பதால், பின்பக்கம் அதன் எடையைத் தாங்குவது கியர்பாக்ஸில் இருக்கும் மவுண்டுகள்தான். கியர்பாக்ஸை இறக்கும் முன் இன்ஜினுக்குத் தனியாக முட்டுக் கொடுத்தாக வேண்டும். காரை நான்கு ஸ்டாண்டுகளில் நிறுத்துங்கள். ஜாக்கியை மட்டும் நம்பிக் கீழே படுக்காதீர்கள். இன்ஜினின் கிராங்க் புல்லி இருக்கும் முன்பக்கமோ இருக்கைகளுக்குப் பின்னால், உள்ளே இருக்கும் பலகையைக் கழற்றினால்தான் தெரியும். அந்த வழியாகத்தான் கிராங்கைச் சுற்றி, பிஸ்டன் உச்சியில் நிற்கும் மேல்நிலைக்குக் கொண்டுவந்து, புல்லித் துளையில் முளை செருகிப் பூட்ட வேண்டும். கேம் ஷாஃப்ட்டையும் பூட்டி, செயினை இறுக்கிப் பிடிக்கும் டென்ஷனர்களைத் தளர்த்திய பிறகே பேரிங் மூடியில் கை வைக்கலாம். இதைத் தவறவிட்டால் தண்டு ஒரு பக்கமாகச் சாய்ந்து, டைமிங் (வால்வும் பிஸ்டனும் ஒத்து இயங்கும் கணக்கு) மாறிவிடும்.

மூடியைக் கழற்றியதும் உதவிக்கு வந்திருந்த என் மைத்துனன் நடு போல்ட்டை விரலால் அசைத்துப் பார்த்தான். "மாமா, ஆட்டமே இல்லை, நன்றாகத்தானே இருக்கிறது?" என்றான். புல்லர் கொண்டு இழுத்து, வெளியே வந்த பேரிங்கின் சீலைக் கத்தி முனையால் நெம்பினேன். கிரீஸ் இருந்த சுவடே இல்லை. கறுத்து நீர்த்த எண்ணெய் கெட்ட நாற்றத்தோடு வழிந்தது. அதற்குப் பிறகு அவன் ஒன்றும் கேட்கவில்லை. நான் போட்டது செராமிக் உருண்டை வைத்த பேரிங். எண்ணெய் தாராளமாக உள்ளே போய் வரும்.

இந்த இடத்தில் ஒன்றைச் சொல்லியே ஆக வேண்டும். அந்தச் சமயத்தில் வீட்டுக்கு வந்த உறவினர் ஒருவர், என் நகக்கண்ணில் இருந்த கறையைப் பார்த்துவிட்டு, "இவ்வளவு படித்துவிட்டு இந்த வேலையா? காசு கொடுத்தால் யாராவது செய்துவிட்டுப் போகிறான்" என்றார். அந்த "யாராவது" இன்னும் உறுத்துகிறது. ஆயுத பூஜைக்கு ஸ்பானருக்குப் பொட்டு வைக்கிறோம். அதைப் பிடிக்கிற கையை மட்டும் ஏன் இளக்காரமாகப் பார்க்கிறோம்? பொறியியல் படிக்கிற பிள்ளையைக்கூட ஸ்க்ரூ டிரைவரைத் தொடவிடாத வீடுகளை எனக்குத் தெரியும். கேள்விக்குச் சம்பந்தமில்லைதான். ஆனால் உங்களிடமும் யாராவது இப்படிச் சொல்லியிருப்பார்கள்.

மெயின் சீலுக்கு வருகிறேன். இப்போது கிடைக்கும் புதிய வகை டெஃப்லான் உதடு கொண்டது. பழக்க தோஷத்தில் எண்ணெய் தடவிப் போட்டுவிடாதீர்கள். கிராங்க் முனையைத் துடைத்து, உலர்ந்த நிலையிலேயே ஏற்ற வேண்டும். கிராங்க்கேஸ் விளிம்பிலிருந்து 13 மில்லிமீட்டர் ஆழத்தில் சீராக உட்கார வேண்டும். அதற்கென்று உள்ள கருவியை வாடகைக்காவது வாங்குங்கள். சுத்தியலால் தட்டி ஏற்றினால் கோணலாகி மறுபடியும் கசியும். ஃப்ளைவீல் போல்ட்டுகளும் இழுபட்டு இறுகும் வகை, பழையதைத் திரும்பப் போடக்கூடாது. புதியவற்றை முதலில் 25 நியூட்டன் மீட்டருக்கு இறுக்கி, பிறகு இன்னும் 120 பாகை திருப்ப வேண்டும். இருந்தாலும் உங்கள் இன்ஜின் எண்ணுக்குரிய பணிக் கையேட்டோடு ஒருமுறை சரிபாருங்கள்.

கேம் ஷாஃப்ட் முனையில் இருக்கும் சிறிய பச்சை மூடிகளை எடுக்கும்போதே அவை கெட்டுவிடும். புதியவற்றை முன்கூட்டியே வாங்கி வையுங்கள், இல்லையென்றால் அதற்காகவே வேலை நின்றுபோகும். ஃபில்டரை விரித்ததும் ஒரு படம் எடுத்துக் கருத்துப் பகுதியில் போடுங்கள். பார்த்துச் சொல்கிறேன்.